செங்குருதிக் கலத்தின் பொற்றாசிய வாயில்

உயிர்க்கலம் தன்னகத்தே பொற்றாசியத்தை மிகுதியாகவும் கல்சியத்தை மிகக் குறைவாகவும் பேணும் இயல்பினது. சத்தி குன்றிய செங்குருதிக் கலத்தினுட் கல்சியம் புகின் பொற்றாசியம் விரைந்து வெளியேறுதலை 1958 ஆம் ஆண்டில் அங்கேரிய அறிஞர் கார்டொஸ் எடுத்துக்காட்டினார். 1970 இல் கடல் நத்தையினமொன்றின் நரம்புக் கலத்திலும் கல்சியம் பொற்றாசிய வழியைத் திறத்தல் அறியப்பட்டது. செங்கலத்தின் அவ்வழியாகிய புரதத்தின் பரம்பரையலகு 1997 இல் இனங்காணப்பட்டது. அது இன்றும் கார்டொஸ் கால்வாய் எனவே வழங்கும்.

அரிவாட்கல நோயில் இக்கால்வாய் திறக்கப் பொற்றாசியத்தோடு நீரும் நீங்குகின்றது. கலம் வற்றி, எளிதில் அரிவாள் வடிவுறுகின்றது. கால்வாயை அடைக்கும் மருந்தொன்று கலங்களின் அழிவைக் குறைத்ததாயினும், நோயாளரை வருத்தும் கடுநோவைக் குறைத்திலது. அப்பரிசோதனை 2007 இல் நிறுத்தப்பட்டது. பொறிமுறையை அறிதல் ஒன்று, பிணியைத் தீர்த்தல் வேறொன்று என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.