எந்த முறையில சோதிச்சனீங்கள்?

ஒருகொடவத்தைச் சந்தியால் கன்டெய்னர் லொறிகளை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தால் றோட்டின் நிலை தெரியுமா? பஸ்ஸும் த்ரீவீலரும் சேர்ந்து வரும்போதுதானே உண்மை விளங்கும்! ஈதர்நெட் சோதனைகளின் வரலாறும் இதுதான்.

1983இல் மைக் மியூஸ் எழுதிய பிங், மறுமுனை பதில் சொல்லுதா, எவ்வளவு நேரத்தில் என்று காட்டியது. 1999இல் வந்த ஆர்எஃப்சி 2544, 64 முதல் 1518 பைட் வரையான ஃபிரேம்களை அனுப்பி உச்சக் கொள்ளளவை அளந்தது. ஆனால் அது ஆய்வுகூடத்தில் கருவிகளைச் சோதிக்க எழுதப்பட்டது. சோதனைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான்.

2011இன் வை.1564 குரல், வீடியோ, டேட்டா எல்லாவற்றையும் ஒரேநேரத்தில் ஓடவிட்டு, வேகத்தோடு தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கம், இழப்பு என்பவற்றையும் பார்த்தது. வேகம் இருந்தும் ஒன்லைன் வகுப்பில் எங்கட குரல் ஏன் விட்டுவிட்டுக் கேட்குது என்பதற்கான விடை பெரும்பாலும் அந்த மூன்றில்தான் இருக்கு.

"லைன் ஓகே" என்று யாரும் தாளை நீட்டினால், எந்த முறையில சோதிச்சனீங்கள் என்று கேட்போம்.