ஈயும் புலியும்

புலி வேட்டையாடிய ஜமீன்தார்களைப் பற்றியும் துரைமார்களைப் பற்றியும் நம்மிடம் எத்தனையோ கதைகள் உண்டு. ஓர் ஈ புலிகளைக் கொன்ற கதையை மட்டும் யாரும் அதிகமாகச் சொல்வதில்லை. அதை நான் சொல்லுகிறேன்.

கதை குதிரையில் ஆரம்பிக்கிறது. 1880-ம் வருஷம் பஞ்சாப் எல்லையில், இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த தேரா இஸ்மாயில் கானில், பட்டாளத்துக் குதிரைகள் மெலிந்து மெலிந்து செத்தன. விட்டு விட்டு ஜுரம், கால் வீக்கம், ரத்த சோகை. அந்தப் பக்கத்து ஜனங்கள் அதைச் ‘சர்ரா’ என்றார்கள். காரணம் கண்டறியச் சர்க்கார் அனுப்பிய மிருக வைத்தியர் கிரிஃபித் எவன்ஸ், வேல்ஸ் நாட்டுக்காரர். குதிரையின் ரத்தத்தில் ஒரு துளியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சிவப்பு அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு சிற்றுயிர் அதில் நெளிந்து ஓடிற்று. அந்த ரத்தத்தை நல்ல பிராணிக்குச் செலுத்தினார். அதற்கும் நோய் கண்டது.

பெரிய டாக்டர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. காரணம், கல்கத்தா எலிகள்! 1878-ல் திமதி லூயிஸ் என்பவர் அந்த எலிகளின் ரத்தத்தில் இதே ஜாதிக் கிருமியைக் கண்டிருந்தார். எலிகளோ சௌக்கியமாக ஓடிக்கொண்டிருந்தன. எலியைக் கொல்லாதது குதிரையை எப்படிக் கொல்லும்? கதை எழுதுகிறவனான எனக்கு இந்த எலிகள் மீது தனிப் பிரியம். பொய் சொல்லாமலே பொய்ச்சாட்சி சொன்ன ஜீவன்கள் அவை. எலிக்கிருமியும் குதிரைக்கிருமியும் உருவத்தில்தான் ஒன்று, குணம் வேறு. பின்னால் குதிரைக்கிருமிக்கு எவன்ஸ் பெயரையே வைத்தார்கள். 100 வயது வாழ்ந்து, 1935-ல்தான் அவர் காலமானார்.

இந்தக் கிருமியைச் சுமப்பது மாட்டு ஈ. அது கடித்தால் சுரீரென்று வலிக்கும், பிராணி உதறும். பாதிச் சாப்பாட்டில் எழுந்த ஈ, வாயில் ஒட்டிய ரத்தத்தோடு அடுத்த பிராணியின் மேல் போய் உட்காரும். மாடும் எருமையும் வெளியே காட்டாமலே நோயைச் சுமந்து திரியக்கூடும். நோய் கண்ட இறைச்சியைத் தின்றும் புலிக்கு இது வரும்.

எவன்ஸ் கண்டுபிடித்து 120 வருஷங்கள் ஆயின. 2000-ம் வருஷம் ஜூலை மாதம், மழைக்காலம். ஒரிஸ்ஸாவில், புவனேசுவரத்தை அடுத்த நந்தன்கானன் மிருகக்காட்சிசாலையில் சுமார் ஒரு டஜன் புலிகள் சில நாட்களுக்குள் மடிந்தன. அவற்றில் பாதிக்கு மேல் வெள்ளைப் புலிகள். 1980-ல் சாதாரண நிறத் தாய் தந்தையருக்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்து புகழ் பெற்ற இடம் அது. நோய் அதே சர்ரா. மருந்து ஊசி போட்ட பிறகும் சாவு நிற்கவில்லை. கொன்றது நோயா, மருந்தா என்றுகூட வாதம் கிளம்பிற்று.

அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. என் மனசில் நிற்பது வேறு. காட்டுப் புலியையும் ஈ கடிக்கிறது. ஆனால் அது ஈ மொய்க்கும் இடத்தை விட்டுப் போகலாம். தன் இரையைத் தானே தேடலாம். கூண்டுப் புலிக்கு இடம், இரை, அண்டை அயல் எல்லாம் நாம் பார்த்துக் கொடுப்பவைதாம். நோயையோ அது லேசில் வெளிக்காட்டாது. தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதன் சுதந்தரத்தை வாங்கிக்கொண்ட நாம், நல்ல நாளிலேயே அதன் ரத்தத்தில் ஒரு துளியைப் பார்த்து வைக்கக் கடமைப்பட்டவர்கள். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய், “அடேயப்பா, என்ன கம்பீரம்!” என்று வியக்கிறோம் அல்லவா? அந்தக் கம்பீரத்தை நம்பி மட்டும் இருந்துவிடக் கூடாது. கல்கத்தா எலிகளும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன.