ஓபியாய்டு மாற்று சிகிச்சை

ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப்பொருள்களை ஊசியில் ஏற்றிக்கொள்வோருக்கு, மெத்தடோன் அல்லது பியூப்ரனார்பின் மருந்தை மருத்துவக் கண்காணிப்பில் தொடர்ந்து கொடுக்கும் முறை. 1960களில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் இருவரும் மெத்தடோனைக் கொண்டு இதற்கு அடித்தளமிட்டனர். 2005இல் உலக சுகாதார நிறுவனம் இவ்விரு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஹெராயின் பற்றும் அதே மூளை ஏற்பிகளில் இம்மருந்துகள் நிதானமாக, நீண்ட நேரம் வேலை செய்கின்றன. போதைப்பொருள் கிடைக்காதபோது வரும் உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை அடங்குவதால் அடுத்த ஊசிக்கு அலையவேண்டியதில்லை. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்பது தவறான பேச்சு. சர்க்கரை நோயாளியின் இன்சுலினை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இந்தியாவில் இதன் தேவையை முதலில் உணர்த்தியது வடகிழக்கு. மியான்மர் எல்லை வழியே வந்த ஹெராயினும் பகிர்ந்துகொண்ட ஊசிகளும் 1990களில் மணிப்பூரில் எச்.ஐ.வி.யை வேகமாகப் பரப்பின. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, 2007இல் தொடங்கிய மூன்றாம் கட்டத் திட்டத்தில் இச்சிகிச்சையைச் சேர்த்தது. சிகிச்சை மையத்தில் செவிலியர் பியூப்ரனார்பின் மாத்திரையைப் பொடித்து நாக்கின் அடியில் வைக்கிறார். அது கரையும்வரை சில நிமிடங்கள் அங்கேயே உட்காரவேண்டும். புதிய ஊசி வழங்கல், எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சிப் பரிசோதனை, ஆலோசனை ஆகியவையும் உடன்வரவேண்டும்.

மருந்தை அவசரப்பட்டு நிறுத்துவது ஆபத்து. உடலின் தாங்குதிறன் குறைந்தபின் பழைய அளவு ஹெராயினே உயிரைப் பறிக்கும். சிறையிலிருந்து வெளிவரும் முதல் வாரங்களில் இந்த அபாயம் மிக அதிகம்.