வேதாளைக் கரையில் விடுபட்ட வரி



மண்டபத்திற்கு அருகே, மன்னார் வளைகுடாக் கரையில் வேதாளை என்னும் ஊர் உள்ளது. இராமேசுவரத்திற்குச் செல்கையில் நீங்கள் அதைக் கடந்திருப்பீர்கள். 1549 ஆம் ஆண்டு அவ்விடத்தில் அந்தோனியோ கிரிமினாலி என்னும் இத்தாலியக் குரு ஈட்டியால் குத்துண்டு மரித்தார். முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த இயேசு சபைத் துறவிகளுக்குத் தலைவராக அவரை ஏற்படுத்தியவர் பிரான்சிஸ் சவேரியார். அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. படை வந்தபோது கப்பலேறித் தப்ப வழியிருந்தும், பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றி அனுப்பும்பொருட்டு அவர் கரையிலேயே நின்றார்.

இந்தச் சரித்திரத்தை நான் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறேன். கேட்ட தாய்மார் சிலர் கண்ணீர் விட்டதும் நினைவிருக்கிறது. ஆனால் படை ஏன் வந்தது என்பதை நான் சொல்லவில்லை.

வேதாளையில் இருந்த போர்த்துக்கீசியத் தலைவன் அகழி வெட்டி வழியை மறித்து, இராமேசுவரத்திற்குத் தீர்த்த யாத்திரை செல்வோரிடம் வரி வாங்கினான். கோயிலைச் சார்ந்தோர் கொதித்தனர். வடுகர் என்று அக்காலக் கடிதங்கள் குறிக்கும் விஜயநகரப் படையினர் திரண்டு வந்தனர். போர்த்துக்கீசியர் கப்பல்களை நோக்கி ஓடினர். வரியில் ஒரு காசும் தொடாதவர் மாண்டார்.

இதை நான் அறியாமல் விடவில்லை, அறிந்தே விட்டேன். அகழியைச் சொன்னால் இரத்தசாட்சியின் மகிமை குறையுமோ என்று அஞ்சினேன். நம் அயலகத்தார் இன்றும் அதே வழியில் தீர்த்தமாட வருகிறார்கள். அவர்களுள் ஒருவர் அன்று நம் ஆலயத்தில் அமர்ந்திருந்தால், தம் முன்னோரைக் காரணமின்றிக் கொல்லும் கூட்டமாகவே என் வாயிலிருந்து கேட்டிருப்பார். பொய் ஒன்றும் சொல்லாமலே பொய்ச்சாட்சி சொல்ல முடியும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1542 இல் பியேர் ஃபாவர் என்னும் தோழருக்கு ஒரு கடிதம் எழுதினார். எவருக்கும் காட்டத்தக்க செய்திகளை முதன்மைக் கடிதத்திலும் மற்றவற்றைத் தனித் தாள்களிலும் எழுதச் சொன்னார். தாம் ஒருமுறை எழுதித் திருத்தி, மீண்டும் முழுவதையும் எழுதுவதாகவும் கூறினார். பேச்சைவிட எழுத்து நிலைத்துச் சாட்சி சொல்லும் என்பது அவர் கருத்து. அந்தக் கவனம் எனக்கும் வேண்டும். அந்தத் தனித் தாளோ எனக்கு அச்சமூட்டுகிறது. பக்தியை வளர்ப்பது ஒரு தாளிலும், நமக்கு வெட்கமானது மற்றொரு தாளிலும் போய்விட்டால், காலப்போக்கில் முதல் தாளை மட்டுமே வாசிப்போம். லூக்கா தம் சுவிசேஷத்தின் தொடக்கத்திலேயே, கண்ணாரக் கண்டவர்களிடமிருந்து வந்ததை ஆதிமுதல் விசாரித்து எழுதுவதாக அறிவிக்கிறார். எழுதுகிறவன் வாசகருக்கு முதலில் கொடுக்க வேண்டிய வாக்கு அதுவே என்று எண்ணுகிறேன்.

ஆகவே உங்களுக்கு நானும் வாக்களிக்கிறேன். நம் தரப்பின் தவறு தெரிந்தால் அதையும் எழுதுவேன். உங்கள் வீட்டுத் துயரத்தை உங்கள் அனுமதியின்றி உதாரணமாக்க மாட்டேன். பெயரை மாற்றினாலும் நம் ஊரில் யாரென்று தெரிந்துவிடும். காணிக்கை தந்தவரைப் பற்றி எழுத நேர்ந்தால், தந்தார் என்பதையும் சேர்த்தே எழுதுவேன். பிழைத்தால், பிழைத்த இடத்தைச் சொல்லித் திருத்துவேன்.

பழைய பிரசங்கக் குறிப்பேட்டை இன்று எடுத்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அகழியையும் வரியையும் எழுதிச் சேர்த்தேன். அன்று கேட்டவர்கள் உங்களுள் பலர் இருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குக் கிரிமினாலியின் சரித்திரத்தைச் சொல்லும்போது இவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.