குருவின்றிக் காத்த மறை

1614-ஆம் ஆண்டு ஜப்பானில் திருமறை தடைசெய்யப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர், மறைந்திருந்தோர் பிடிபட்டு மறைசாட்சிகளாயினர். அதன்பின் நாகசாகியை அடுத்த உரகாமியில் மறைப்பணி குடும்பங்களைச் சேர்ந்தது. திருநாள்களைக் கணித்துச் சொல்ல ஒருவர். திருமுழுக்கு அளிக்க மற்றொருவர். நாள் கணிக்கும் பணி ஒரே குடும்பத்தில் ஏழு தலைமுறை நீடித்தது. ஏழாமவர் கிச்சிசோ சிறையில் மாண்டார்.

1865 மார்ச் 17 அன்று அவ்வூரார் சிலர் ஓவுரா ஆலயத்தில் பெட்டிஜான் அடிகளாரிடம் தங்களை வெளிப்படுத்தி, அன்னை மரியாவின் சுரூபம் எங்கே என வினவினர். இரண்டு நூற்றாண்டுகள் பாட்டிமார் வாய்மொழியாகக் காத்த பெயரன்றோ அது!

வெளிப்பட்டதன் விலை பெரிது. 1868 முதல் ஏறத்தாழ 3,400 பேர் பல மாநிலங்களுக்கு ஊர்கடத்தப்பட்டனர். அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோர் அதனைப் ‘பயணம்’ என்றே குறிப்பிட்டனர். 1873-இல் ஊர் திரும்பினர். மறு ஆண்டே கொள்ளைநோய் பரவியது. அவர்களுள் ஒருவரான இவானகா மகி என்னும் இளம்பெண், தோழியருடன் நோயாளரைப் பேணி, அநாதைக் குழந்தைகளை வளர்க்கலானாள்.