இரப்பர்ச் செடியின் வரலாறு

தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் நம்மவர் பலருக்கு முற்றமும் கொல்லையும் வாய்ப்பதில்லை. ஆதலின், சாளரத்தருகே ஒரு தொட்டியை வைத்து, தடித்துப் பளபளக்கும் அகன்ற இலைகளையுடைய இரப்பர்ச் செடியை வளர்த்து மனநிறைவு எய்துகின்றனர். அதனை மேனாட்டிலிருந்து வந்த அலங்காரச் செடி என்றே கருதுவோர் உளர். உண்மையில் அது ஆலுக்கும் அரசுக்கும் அத்திக்கும் உடன்பிறப்பு. நம் நாட்டின் வடகிழக்கு மலைகளும், அவற்றை அடுத்த தென்கிழக்கு ஆசியப் பகுதிகளும் அதன் தாயகமாகும்.

அது தாவர நூலோரின் கவனத்திற்கு வந்த வரலாறு சுவையானது. 1810-ஆம் ஆண்டின் இறுதியில், சில்ஹெட்டில் இருந்த மாத்யூ ரிச்சர்ட் ஸ்மித் என்பார், கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவர் வில்லியம் ராக்ஸ்பரோவுக்குத் தேன் நிறைந்த பாத்திரம் ஒன்றை அனுப்பினார். பாத்திரமோ வெறும் பிரம்புக் கூடை! கூடையில் தேன் ஒழுகாது நிற்பதெங்ஙனம்? ராக்ஸ்பரோ ஆராய்ந்து பார்த்தார். ஜைந்தியா மலைவாழ் மக்கள் ஒரு மரத்தின் பாலைக் கூடையின் உட்புறத்தில் பூசியிருந்தனர். உலர்ந்த அப்பாலே இரப்பர். அதுவரை அமெரிக்கக் கண்டத்துப் பொருளாகவே ஐரோப்பியர் பெரிதும் அறிந்திருந்த ஒன்று, இங்கே தேன் கூடைக்குப் பூச்சாக விளங்கியது. கண்டுபிடித்தவர் என்னும் புகழை ராக்ஸ்பரோவுக்கு மட்டும் அளிப்பது நேர்மையன்று என்பது நம் கருத்து. காசி, ஜைந்தியா மக்கள் இம்மரத்தின் விழுதுகளை ஓடைகளின் குறுக்கே நடத்திப் பல்லாண்டுகள் பேணி, உயிருள்ள பாலங்களாகவே ஆக்கியுள்ளனர். மேகாலயத்தில் இன்றும் மக்கள் அவற்றின்மீது நடக்கின்றனர்.

பாலின் பயன் தெரிந்ததும் வணிகர் காட்டை நாடினர். அளவின்றிக் கீறப்பட்ட மரங்கள் பட்டுப்போயின. அதனால் அரசினர் 1873-இல் அஸ்ஸாமில் சார்துவார் என்னுமிடத்தில் இம்மரத்தைத் தோட்டமாகப் பயிரிட்டனர். ஆனால் 1876-இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்த கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. பின்னாளில் இலங்கையிலும் மலேயாவிலும் நம் மக்கள் பால் வெட்டியது அவ்வினத்து மரங்களிலேதான். விரைவில் பால் தரும் அந்த அயல்மரத்தோடு அஸ்ஸாம் மரம் போட்டியிட இயலவில்லை.

பாலுக்கு மதிப்புக் குறைந்தபோதும் இலைக்கு மதிப்பிருந்தது. புகை படிந்த 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களில் மென்மையான செடிகள் மடிந்தன. இதுவோ வரவேற்பறைகளில் தாக்குப்பிடித்தது. காரணம் அதன் பிறப்பிலேயே உள்ளது. காட்டில் பறவையிட்ட விதை வேறொரு மரத்தின் கவட்டில் முளைத்து, மண்ணின்றி, அரைநிழலில் பல காலம் வாழும். மெழுகுபோன்ற தடித்த தோல் இலையின் ஈரத்தைக் காக்கும். அத்தகைய செடிக்குத் தொட்டி வாழ்வு கடினமன்று.

எனினும் அதனைக் கெடுப்பது நம் அன்பு மிகுதியே! நாள்தோறும் நீர் வார்த்தால் வேர் அழுகும். மேல்மண் உலர்ந்தபின் ஊற்றுதல் வேண்டும். வடநாட்டுக் குளிர்காலத்தில் நீரை இன்னும் குறைத்து, இரவுக் குளிர்காற்று படாமல் வைத்தல் நலம். இலைகளில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இடத்தை அடிக்கடி மாற்றினால் இலைகள் உதிரும். வெட்டிய இடத்தில் வடியும் பால் தோலை உறுத்துமாதலின் குழந்தைகள் தொடாமல் காத்தல் வேண்டும்.

செடி கூரையைத் தொட்டுவிட்டால், அதனைப் பெயர்த்து வீட்டுச் சுவரோரம் நடுவோர் சிலர். ஆலின் உறவு என்பதை அவர்கள் மறக்கலாகாது. வேர் சுவரையும் சாக்கடையையும் பிளந்துவிடும். இதற்குரிய குளவியினம் இல்லாத ஊர்களில் விதையும் பிடிக்காது. ஆகவே உச்சிக்குச் சற்றுக் கீழே பட்டையை வளையமாகச் சீவி, ஈரப்பாசி வைத்துக் கட்டி, விண்பதியம் இடுக. சில வாரங்களில் வேர்விட்டதும் கீழே அறுத்துப் புதிய தொட்டியில் நடலாம். எஞ்சிய அடித்தண்டும் மீண்டும் தளிர்க்கும்.