வாயைத் திறக்காதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள்

மாலை வகுப்பு நடத்தும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. "அண்ணே, ஒரு பையன் வாயே திறக்க மாட்டேங்கிறான். இன்னொருத்தன் தொட்டதுக்கெல்லாம் கையை ஓங்குறான். ஒரு பொண்ணு நல்லாப் படிச்சிட்டிருந்தது, எட்டாவது வந்ததும் பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அழுவுது. என்ன பண்றது?"

குழந்தை மனநலம் பற்றிய நூல்களில் இதற்குப் பதில்கள் இருக்கின்றன. படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன் கீழத்தஞ்சையின் ஒரு காலனியில் பிறந்தவன். அவனுடைய மௌனம் அவனோடு தொடங்கியதல்ல.

பண்ணையாள் முறை என்று பாடத்தில் ஒரு வரி படித்திருப்பீர்கள். அந்த வரிக்குள் குழந்தைகளும் இருந்தார்கள். அப்பா மிராசுதாரிடம் வாங்கிய கடன் மகன் தலையில் ஏறும். நடக்கவும் ஓடவும் தெரிந்த வயதில் பையன் பண்ணை மாட்டை ஓட்டிக்கொண்டு போவான், பெண் பிள்ளை சாணி அள்ளுவாள். வேலைக்குத் தாமதமாக வந்த ஆளுக்குச் சவுக்கடி. தட்டிக் கேட்டவனுக்குச் சாணியைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பது. சாணிப்பால் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். இதெல்லாம் மறைவில் நடக்கவில்லை, மற்றவர்கள் பார்க்கவேண்டும் என்றே நடந்தது. பார்த்தவர்களில் அந்த ஆளின் பிள்ளைகளும் உண்டு. தன் தகப்பனை மிராசுதார் வீட்டுச் சிறுவன் 'டா' போட்டுக் கூப்பிடுவதைத் தினமும் கேட்டு வளரும் பிள்ளையின் மனதில் என்ன நடக்கும் என்று அன்றைக்கு எந்த ஆய்வாளரும் வந்து கேட்கவில்லை.

அம்மாக்களுக்குத் தெரிந்திருந்தது. "வாயத் தொறக்காதடா, குனிஞ்சு போயிடு" என்று அவர்கள் சொல்லிக் கொடுத்தது கோழைத்தனம் என்று மேடைகளில் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளை உயிரோடு வீடு திரும்ப ஒரு தாய் கண்டுபிடித்த பாதுகாப்பு அது. நாம் 'கூச்ச சுபாவம்' என்று எழுதி வைக்கும் பல பிள்ளைகளிடம் இருப்பது, பாட்டி அம்மாவுக்கும் அம்மா பிள்ளைக்கும் கற்றுத்தந்த அந்தப் பாடம்தான்.

1940களில் பி. சீனிவாசராவும் களப்பாள் குப்புவும் மற்றத் தோழர்களும் விவசாயத் தொழிலாளர்களைச் சேர்த்து நின்றபோது, நெல் கூலிக்கு இணையாகச் சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழியவேண்டும் என்பது கோரிக்கையாக இருந்தது. அடித்தால் வாங்கிக்கொண்டு போகாதே என்று பெரியவர்களுக்குச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் அதைக் கேட்டார்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குனிந்தே பார்த்த அப்பா நிமிர்ந்து நிற்பதைப் பார்த்ததற்கு ஈடான மனநல சிகிச்சை அந்தத் தலைமுறைக்கு வேறெதுவும் கிடைத்திருக்காது.

அதற்குப் பதில் 1968 டிசம்பர் 25 இரவு வந்தது. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வழக்கு, தண்டனை, உயர் நீதிமன்றத்தில் விடுதலை எல்லாம் நீங்கள் அறிந்தவை. பிழைத்த பிள்ளைகள் அதன்பின் எப்படித் தூங்கினார்கள், தீயைக் கண்டால் என்ன செய்தார்கள் என்ற கேள்வி எந்தத் தீர்ப்பிலும் இல்லை. காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அந்தப் பகுதிக்கு வந்து தங்கினார்கள். 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி நிலத்தை வாங்கிப் பெண்கள் பெயரில் பதிய வைத்தார்கள். அவர்களுடைய காந்திய வழியோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அம்மாவின் பெயரில் ஒரு ஏக்கர் இருக்கிற வீட்டில் பிள்ளையின் பயம் குறைகிறது என்பதை அந்தக் கிராமங்களில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26. நாகைக் கடற்கரையைச் சுனாமி அடித்தபின், பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. குழந்தையைப் படம் வரைய விடு, விளையாட விடு, சொல்வதைக் குறுக்கிடாமல் கேள். படுக்கையில் சிறுநீர் போனால் திட்டாதே, அது சேட்டையல்ல, பயம். நல்ல பயிற்சி. அதே நேரத்தில் நிவாரணத்திலும் முகாம்களிலும் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. கடல் அடித்த காயத்துக்கு ஆற்றுப்படுத்துவோர் வந்தார்கள். சாதி அடித்த காயத்துக்கு அதே மாவட்டத்தில் 36 ஆண்டுகளாக ஒருவரும் வந்திருக்கவில்லை.

அமெரிக்காவில் இந்தக் காயத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி 1940களில் கறுப்புக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் நீட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையைக் காட்டினார்கள். 1954-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இத்தகைய ஆய்வுகளையும் சான்றாகக் காட்டியது. நம் ஊரில் பொம்மை தேவையில்லை. "எந்தத் தெரு?" என்று கேளுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை பக்கத்துத் தெருவின் பெயரைச் சொல்லும். அதைப் பொய் என்று கண்டிக்காதீர்கள்.

வாய் திறக்காத பிள்ளையை எழுப்பி நிறுத்திப் பேச வைக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாரக்கணக்கில் ஆனாலும் சரி. கை ஓங்குபவனிடம் "ஏன் அடிச்சே" என்பதற்கு முன் "உன்னை யார்றா அடிச்சா" என்று தனியாகக் கேளுங்கள். அதற்காக அடிவாங்கிய பிள்ளையை மறந்துவிடவும் கூடாது. பள்ளிக்குப் போக மறுக்கும் பெண்ணிடம் பாடத்தைப் பற்றிப் பேசாமல் கழிப்பறை, பேருந்து, உட்காரும் இடம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், செத்துப்போகலாம் என்ற பேச்சு ஒரு தடவை வந்தாலும், நீங்களே சமாளிக்க நினைக்காதீர்கள். 14416 மனநல உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண், மாவட்ட அரசு மருத்துவமனை. இயக்கக்காரர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவது கௌரவக் குறைச்சல் அல்ல.

எங்கள் வகுப்பில் ஒரு முறை, அம்பேத்கர் ஒன்பது வயதில் அண்ணனோடு கோரேகானுக்குப் போன கதையைச் சொன்னேன். சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தது, கூலியை இரட்டிப்பாகக் கொடுத்துப் பிள்ளைகளே வண்டியை ஓட்டியது, ராத்திரி முழுக்கத் தண்ணீர் கிடைக்காதது. முடித்தபோது யாரும் பேசவில்லை. எட்டு மாதமாக வாய் திறக்காத பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, அவுரு வீட்ல போயி இத சொன்னாரா?"

"சொன்னாரான்னு தெரியல. பெரியவராகி எழுதினாரு."

"நான் எங்கம்மாட்ட சொல்லல" என்றான். அன்றைக்கு அவ்வளவுதான். எதைச் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை வந்து அவனாகவே சொன்னான்.